குத்தகையைப் பெற மறுத்தால்

களத்தில் நெல் அளக்கும் நாளில், நிலச் சொந்தக்காரர் குத்தகையைப் பெற மறுப்பதுண்டு. "அவரேதான் வேண்டாமென்றார்" என்று குத்தகைதாரர் வாளாவிருந்துவிடுகிறார். நாம் கண்டவரையில் வழக்கு முளைப்பது அங்கேதான். 1955-ஆம் ஆண்டுப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தவணை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் குத்தகை செலுத்தப்படாவிடில், அதுவே வெளியேற்றம் கோரக் காரணமாகிவிடும். ஆதலின் அம்மாதத்துக்குள் வருவாய் நீதிமன்றத்தில் சொந்தக்காரர் கணக்கில் கட்டிவிட வேண்டும். நெல் மூட்டைகளைச் சுமந்து செல்ல வேண்டுவதில்லை. கட்டும் நாளின் சந்தை விலைப்படி பணமாகவே கட்டலாம். சொந்தக்காரர் பெற்றுக்கொண்டாலோ, அவர் உறவினரேயாயினும் ரசீது கேட்கக் கூச்சம் வேண்டாம். வாய்ச்சொல் விசாரணையில் நில்லாது. பாக்கி விழுந்தபின்னும், தவணை அளிக்க விசாரணை அதிகாரிக்கு இடமுண்டு. பஞ்சாயத்து உறுப்பினர்கட்கு ஒரு வார்த்தை: நிலத்தைவிட்டு வெளியேறுமாறு தீர்ப்புக் கூறப் பஞ்சாயத்துக்கு அதிகாரமில்லை, நாள் கடக்குமுன் குத்தகைதாரரை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லலாம்.