பாதத்தில் ஊரும் கோடு

கேள்வி: கடற்கரையில் வெறுங்காலோடு நடந்த சில நாளில், பாதத்தில் சிவப்புக் கோடு ஒன்று நெளிந்து நீள்கிறது. ராத்திரி அரிப்பு தாங்கவில்லை. டாக்டர் ஐவர்மெக்டின் எழுதித் தந்தார். கொரோனா சமயத்தில் சர்ச்சையான மாத்திரையாச்சே, சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. அந்தக் கோட்டுக்குக் காரணம், மணலில் கிடந்த நாய், பூனைக் கழிவிலிருந்து வந்த கொக்கிப்புழுவின் குஞ்சு. நம் தோலுக்கு அடியில் போக வழி தெரியாமல், மேல்தோலிலேயே சுற்றித் திரிகிறது. அதைக் கொல்ல, உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின் என்பது கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம், பெரும்பாலும் ஒரே வேளை. கொரோனாவில் கெட்ட பெயர் வந்ததற்கு, மாட்டு மருந்தையெல்லாம் அளவில்லாமல் விழுங்கியவர்களும் ஒரு காரணம். உங்களுக்குத் தலைசுற்றல், குமட்டல், லேசான வயிற்றுப்போக்கு வரலாம். அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாகத் தருவதில்லை. வார்ஃபரின் சாப்பிடுபவரானால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசியால் குத்திப் புழுவை எடுக்கும் கைவைத்தியம் வேண்டாம். கோட்டின் நுனியைத் தாண்டி அது எப்போதோ போயிருக்கும். அரிப்பு சில நாளில் அடங்கும், தடம் மறைய ஓரிரு வாரம் ஆகும். அதற்கு மேலும் கோடு நீண்டால் மறுபடி டாக்டரைப் பாருங்கள்.