வேதியியல் பெயர்கள்: ஓரெழுத்தில் உயிர் இருக்கிறது!



மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் என்று எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதலாண்டில் வேதியியல் பாடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அதில் நம்மில் பலர் பயப்படுவது சேர்மங்களின் பெயர்களுக்குத்தான். பத்தாவது வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பெயர்கள் லேசில் வாயில் நுழையாது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. ஆகவே நானாக உட்கார்ந்து புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இது மனப்பாடம் பண்ணுகிற சமாச்சாரமே இல்லை. ஐந்து விதிகள் தெரிந்தால் பெரும்பாலும் போதும்.

முதலில் விதி எதற்கு என்று பார்ப்போம். மயில்துத்தம், அன்னபேதி, நவச்சாரம், வெடியுப்பு எல்லாம் நம் நாட்டுமருந்துக் கடைப் பெயர்கள். கேட்க அழகாக இருக்கின்றன. ஆனால் மயில்துத்தத்தில் செம்பும் அன்னபேதியில் இரும்பும் இருப்பது பெயரிலிருந்து தெரிகிறதா? காப்பர் சல்பேட், ஃபெரஸ் சல்பேட் என்று சொன்னால் உடனே தெரிகிறது. இரண்டும் சொந்தக்காரர்கள் என்பதும் புரிகிறது.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இதே குழப்பம்தான். 1787-இல் லவாய்சியர் உள்ளிட்ட நான்கு பிரெஞ்சு அறிஞர்கள் சேர்ந்து, பெயரைச் சொன்னாலே உள்ளே இருக்கும் பொருள் தெரியும்படி ஒரு முறையை வகுத்தார்கள். 1892-இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு கரிமச் சேர்மங்களுக்கு விதி செய்தது. 1919-இல் அமைந்த பன்னாட்டு வேதியியல் ஒன்றியம்தான் இன்றுவரை இந்த விதிகளைக் கவனித்து வருகிறது.

தமிழிலும் முன்னோடிகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் டாக்டர் கிரீன், 1875-லேயே வேதியியல் நூலைத் தமிழில் கொண்டுவந்தார். 1916-இல் ராஜாஜி சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்காகவே ஒரு சங்கம் அமைத்தார். ஆக, இந்தப் பாடம் நமக்கு அந்நியமானது இல்லை.

இனி விதிகள்.

விதி 1: இரண்டே தனிமங்கள் சேர்ந்தால் உலோகத்தின் பெயர் முன்னால் வரும். அடுத்ததன் பெயர் 'ஐடு' என்று முடியும். சோடியமும் குளோரினும் சேர்ந்தால் சோடியம் குளோரைடு, நம் சாப்பாட்டு உப்பு. கால்சியமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் கால்சியம் ஆக்சைடு, அதாவது நீற்றாத சுண்ணாம்பு.

விதி 2: இரும்பு, செம்பு போன்றவற்றுக்கு இணைதிறன் ஒன்றுக்கு மேல் உண்டு. குறைந்ததற்கு 'அஸ்', கூடியதற்கு 'இக்' என்பது பழைய முறை. அதனால் ஃபெரஸ், ஃபெரிக். இப்போது அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் போடுகிறோம். அந்த எண் அணுக்களின் எண்ணிக்கை அல்ல, இணைதிறன். ஓர் ஆக்சைடில் இரும்பு அணு 2, ஆக்சிஜன் அணு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனின் இணைதிறன் 2. மூவிரண்டு ஆறு. அந்த ஆறை இரண்டு இரும்பு அணுவுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று. எனவே ரோமன் எண் மூன்று.

விதி 3: இரு தனிமங்களோடு ஆக்சிஜனும் சேர்ந்தால் முடிவு மாறும். ஆக்சிஜன் கூடுதல் என்றால் 'ஏட்', குறைவு என்றால் 'ஐட்'. நைட்ரேட்டில் ஆக்சிஜன் 3, நைட்ரைட்டில் 2.

இங்கேதான் நம் விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடு என்பது வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரம். பொட்டாசியம் குளோரேட் என்பது தீக்குச்சி மருந்தில் சேர்வது. அது கந்தகத்தோடு கலந்திருந்தால் உரசினாலோ தட்டினாலோ வெடிக்கும். அந்தக் கலவை உள்ள வெடிபொருட்களை மத்திய அரசு 1992-இல் தடைசெய்தது. 'ரை'க்கும் 'ரே'க்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். ஆனால் ஒன்று பயிர் வளர்க்கும், மற்றது ஆளையே தூக்கிவிடும்.

விதி 4: இரண்டும் அலோகமாக இருந்தால் அணுக்களின் எண்ணிக்கையைப் பெயரிலேயே சொல்ல வேண்டும். மோனோ ஒன்று, டை இரண்டு, ட்ரை மூன்று. இலங்கைப் பாடநூல்களில் கார்பன் டை ஆக்சைடைக் காபனீரொட்சைட்டு என்று எழுதுகிறார்கள். நடுவில் உள்ள 'ஈர்'தான் டை. கார்பன் மோனாக்சைடு அங்கே காபனோரொட்சைட்டு. நம் இலக்கணமே விதியைச் சொல்லிவிடுகிறது பாருங்கள்.

எங்கள் நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பலருக்குப் பிழைப்பு. எங்கப்பாவுக்கும் அதுதான். கரி நன்றாகக் காற்றுப் பட்டு எரிந்தால் டை ஆக்சைடு. காற்றுப் போதாவிட்டால் மோனாக்சைடும் சேர்ந்து வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு கொன்றுவிடும். அதனால்தான் மூடிய அறையில் கரியடுப்பு வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது. இதை அப்பாவிடம் சொன்னேன். "ஒண்ணா ரெண்டாங்கிறதுல இம்புட்டு இருக்காப்பா?" என்று கேட்டவர், கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

விதி 5: கரிமச் சேர்மங்களில் பெயரின் முன்பகுதி கார்பன் அணுக்களின் எண்ணிக்கை. மெத் ஒன்று, எத் இரண்டு, புரொப் மூன்று, பியூட் நான்கு. பின்பகுதி குடும்பப் பெயர். 'ஆல்' என்று முடிந்தால் ஆல்கஹால். எத்தனாலில் கார்பன் இரண்டு, மெத்தனாலில் ஒன்று. பார்வைக்கு இரண்டும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஆனால் மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நண்பர்களே, படிக்க ஒரு வழி சொல்கிறேன். உர மூட்டை, மாத்திரை அட்டை, பேட்டரி, சோப்புத்தூள் என்று கையில் கிடைப்பதில் உள்ள பெயரைப் பிரித்துப் பாருங்கள். முன்னால் என்ன, முடிவு ஐடா, ஐட்டா, ஏட்டா என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் பயம் போய்விடும். சோடியம் சல்பைடு, சோடியம் சல்பைட், சோடியம் சல்பேட் ஆகிய மூன்றில் ஆக்சிஜன் இல்லாதது எது, கூடுதலாக உள்ளது எது? விடை தெரிந்துவிட்டதா? அப்படியானால் மூன்றாம் விதி உங்களுக்கு வந்துவிட்டது.

நாளைக்கு நாமெல்லாம் ஏதோ ஒரு தொழிற்சாலையில் நிற்கப் போகிறோம். அங்கே டப்பாவில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கத் தெரியாத தொழிலாளி நம்மிடம்தான் கேட்பார், "தம்பி, இது என்ன?" என்று. அவருக்குச் சரியாகப் படித்துச் சொல்வது நம் பொறுப்பு. அதற்காகவாவது இந்த ஐந்து விதிகளையும் கற்றுக்கொள்வோம்.