கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் சி: அடுத்து என்ன செய்வது?

காமாலை என்றால் கீழாநெல்லி என்பது நம் ஊர்ப் பழக்கம். ஹெபடைடிஸ் சி அந்தக் கணக்கில் வராது. பெரும்பாலும் கண் மஞ்சளாகாது, வலியும் தெரியாது. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் ஈரலைக் கெடுக்கும். ரத்தப் பரிசோதனைதான் அதைக் காட்டும்.

கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனையை எல்லா இடத்திலும் தாமாகச் செய்வதில்லை. முன்பு ரத்தம் ஏற்றியிருந்தாலோ, திருவிழாக் கடையில் பச்சை குத்தியிருந்தாலோ, ஒருவருக்குப் போட்ட ஊசியை உங்களுக்கும் போட்டிருந்தாலோ, கணவருக்குத் தொற்று இருந்தாலோ, நம் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

முதல் பரிசோதனை 'பாசிடிவ்' என்றால் கிருமி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்றுதான் பொருள். சுமார் 30 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலே அது போய்விடும். இப்போது இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எங்கே செய்வது என்று பொன்னேரி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

கிருமி இருந்தாலும், நூறு குழந்தைகளில் ஐந்தாறு பேருக்குத்தான் தாயிடமிருந்து தொற்றும். தாய்க்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். காம்பு வெடித்து ரத்தம் வந்தால், ஆறும்வரை பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுங்கள்.

மாத்திரையைப் பொதுவாகப் பிரசவத்துக்குப் பிறகே தொடங்குவார்கள். பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். பாலூட்டும்போது எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை சாப்பிடும்போதே கர்ப்பமானால் உடனே அவரிடம் சொல்லுங்கள். ரிபாவிரின் என்ற மருந்து கருவுக்கு ஆகவே ஆகாது.

நீங்கள் தொட்ட மீனாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ இது பரவாது. தட்டைத் தனியாக வைக்க வேண்டாம். சவரப் பிளேடு, பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். மீன் வெட்டும்போது கை கிழிந்தால் காயத்தைக் கட்டுங்கள்.

ஹெபடைடிஸ் பி-க்கு இருப்பதுபோல இதற்குத் தடுப்பூசி இல்லை. அதனால் குழந்தைக்கு 18 மாதம் முடிந்ததும் பரிசோதனை செய்ய மறக்காதீர்கள், ஆர்.என்.ஏ. பரிசோதனை என்றால் இரண்டாம் மாதத்திலிருந்தே செய்யலாம். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.