கருவின் ஈரலும் தாயின் கீரையும்

குழந்தைக்கு ரத்தம் ஊறுவது எலும்பு மஜ்ஜையில் என்று படித்திருக்கிறோம். அது பிறந்த பிறகு. கருவில் ஏறத்தாழ ஆறாவது வாரம் தொடங்கி ஏழாம் மாதம் வரை அந்த வேலையின் பெரும்பகுதியைப் பார்ப்பது பிள்ளையின் ஈரல்தான். அங்கே அணுக்கள் ஓயாமல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் தேவை. இவை குறைந்தால் அணு பருக்கும், ஆனால் பிரியாது. நஞ்சுக்கொடி பிள்ளைக்கு முதலில் எடுத்துக் கொடுப்பதால் முன்னால் வாடுவது தாய். அவளிடமும் இருப்புத் தீர்ந்தால் பிள்ளைக்கும் தட்டுப்பாடுதான்.

இந்த உண்மை வெளிவந்ததில் நம் சமுதாயப் பெண்களுக்குப் பங்குண்டு. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய் வந்து கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். உணவு மிகக் குறைவாக இருந்த ஏழை முஸ்லிம் பெண்களிடமே அது அதிகம் என்று கண்டார். பிறகு குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணி தொடர்ந்தது. 'மார்மைட்' என்ற மலிவான ஈஸ்ட் சாறு நோயைக் குணமாக்குவதை 1931-ல் எழுதினார். அதிலிருந்த பொருளைத்தான் 1941-ல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்றார்கள்.

அன்று தேடித் திரிந்த அந்த மருந்து இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம், பிறகு இரும்புச்சத்தும் சேர்ந்த மாத்திரை 180 நாள். வாங்கியதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பிள்ளை பெருத்துவிடும், கறுத்துவிடும் என்று சொல்லும் மாமியார்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டும் உண்மையல்ல. கறுப்பது மலம் மட்டுமே. குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் போடலாம், தேநீரோடு வேண்டாம். ரமளானில் நோன்பு திறந்த பிறகு போடலாம்.

கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சத்து அதில் இறங்கிவிடும். பாசிப்பயறு, நிலக்கடலை நல்லது. பி12-க்கு மீன், முட்டை, பால், இறைச்சி. மசக்கையிலேயே ஆட்டு ஈரலை வாரம் தவறாமல் ஊட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது.

பிள்ளையின் முதுகுத்தண்டு கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அப்போது பலருக்குக் கர்ப்பம் என்றே தெரியாது. ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்க வேண்டும். முந்தைய பிள்ளைக்கு முதுகுத்தண்டுக் குறை இருந்திருந்தால் அளவு கூடும். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.