கில்ட்டைத் திருப்பிப் பார்த்து வாங்கு

கிளாஸ்கோ

அன்புள்ள கதிர்,

அபர்டீனில் குளிர் ஏறியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நண்பன் கல்யாணத்துக்கு நீயும் ஸ்காட்லாந்துக் கில்ட் உடுத்தப் போவதாக உன் அம்மா சொன்னாள். கையில் 150 பவுண்டுதான் இருக்கிறதாம். எடின்பரோவில் ராயல் மைல் கடைகளில் குறைந்த விலைக்குப் புத்தம் புதிதாகத் தொங்குகிறதே, எடுக்கலாமா என்று கேட்டாயாம். வேண்டாம் ராஜா. இந்த ஊரில் தையல் வேலை பார்த்துப் பிழைத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: யாராவது உடுத்திய பழைய கம்பளி கில்ட்டைத் தேடி வாங்கு.

முறையான கில்ட்டுக்கு 8 கஜம் வொர்ஸ்டட் கம்பளி போகும். கஜத்துக்கு 13 அவுன்ஸ் அல்லது 16 அவுன்ஸ் எடை. கையால் தைத்து முடிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கும். புதிதாகத் தைக்கக் கொடுத்தால் 500 பவுண்டுக்கு மேல் கேட்பது நியாயம்தான். நீ பார்த்த மலிவு கில்ட் பெரும்பாலும் அக்ரிலிக். துணி குறைவு, மடிப்பில் ஆழம் இருக்காது, பலவற்றில் பக்கிளுக்குப் பதில் வெல்க்ரோ. துணிக்கு எடை இருந்தால்தான் நடக்கும்போது விரிந்த மடிப்பு தானே பழைய இடத்தில் வந்து விழும்.

பாட்டி பட்டுச்சேலை எடுக்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாளே, அப்படி கில்ட்டையும் திருப்பு. உள்ளே லைனிங், அதற்கடியில் கேன்வாஸ் இருக்க வேண்டும். இடுப்பில் வடிவம் குலையாமல் தாங்குவது அந்தக் கேன்வாஸ்தான். பிறகு பின்பக்கம். ஒவ்வொரு மடிப்பும் புட்டத்திலிருந்து இடுப்பு நோக்கிக் குறுகிப் போக வேண்டும், அதுவரை தைத்தும் இருக்க வேண்டும். குறுக்குக் கோடுகள் மடிப்புக்கு மடிப்பு நேராகச் சேர்கின்றனவா என்று பார். அங்கே கோணினால் தைத்தவர் அவசரப்பட்டிருக்கிறார், மற்ற இடத்திலும் அவசரப்பட்டிருப்பார். கீழ் ஓரம் தறியில் நெய்த கரையாகவே இருக்கும். மடித்து அடித்திருந்தால் மட்டத் துணி, இல்லையென்றால் யாரோ உயரம் குறைத்தது. இரண்டும் நமக்கு வேண்டாம். கடைசியாக வெளிச்சத்துக்கு நேரே பிடி, பூச்சி அரித்த ஓட்டை தெரியும். மடிப்புக்குள் ஒன்றிரண்டு என்றால் நான் இழையோட்டித் தருகிறேன். முன்பக்கத்தில் இருந்தால் விட்டுவிடு.

ஜீன்ஸ் அளவைச் சொல்லி வாங்காதே. கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும் உடை. தொப்புளிலிருந்து முழங்கால் சில்லின் நடு வரை உயரம். நிமிர்ந்து நின்று வேறொருவரை அளக்கச் சொல், நீ குனிந்தால் அளவு மாறிவிடும். பழையது வாங்கும்போது உயரமும் புட்டச் சுற்றும்தான் முக்கியம். இடுப்பு ஓரிரண்டு அங்குலம் கூடக்குறைய இருந்தால் பக்கிளை நகர்த்திச் சரிசெய்யலாம். நெய்த கரை கொண்ட துணியின் உயரத்தை அப்படி மாற்ற முடியாது.

வாடகைக்கு விடும் கடைகள் தங்கள் பழைய கில்ட்டுகளை விற்றுவிடும், அங்கே முதலில் கேள். தர்மக் கடைகளிலும் வரும். ராணுவத்தில் கழித்துவிட்டவை கனமானவை, ஆயுசுக்கும் உழைக்கும். எதுவும் அமையாவிட்டால் 5 கஜக் கம்பளி கில்ட் விலை இறங்கிக் கிடைக்குமா என்று பார்க்கலாம். பாலிவிஸ்கோஸ் மலையேறவும் பந்தாட்டம் பார்க்கவும் போதும், கல்யாணத்துக்கு எடுபடாது.

எந்த டார்ட்டன் கட்டம் போட்டது என்று தவிக்கிறாயாமே. அந்தந்தக் குலத்தவர்தான் உடுத்த வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. பிளாக் வாட்ச் டார்ட்டன் யாரும் உடுத்துவது. அபர்டீனுக்கென்றே ஒரு டார்ட்டன் உண்டு, நீ குடியிருக்கும் ஊர். ஆனால் உன் பணத்தில் டார்ட்டனைப் பிடித்துக்கொண்டு நல்ல தையலை விட்டுவிடாதே. மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், சந்தோஷப்படுவான். அவர்களுக்கு இது வெறும் துணி இல்லை: 1746இல் இந்த உடைக்குத் தடை போட்டு, முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழு வருடம் நாடுகடத்தல் என்றார்கள். 1782இல்தான் நீக்கினார்கள். அதைப் பொறுத்து வந்தவர்களின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறாய். வேடிக்கை உடையாக அது தெரியக் கூடாது என்பதுதான் எனக்குக் கவலை.

மேல்கோட்டை வாடகைக்கு எடு. சாதாரணக் கறுப்பு ஷூ போதும். முன்னால் தொங்கும் ஸ்போரான் பை எளிய தோலில் இருக்கட்டும். கில்ட் ஊசியை முன்பக்கத்தின் மேல் துண்டில் மட்டும் குத்து, அடித் துண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும்.

பணம் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தையும் உள்பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. இரவு எத்தனை மணியானாலும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை