தனி ஆல்பம் அப்புறம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பாட்டைக் கேட்டேன். மெட்டு கானா, அடியில் ரெக்கே தாளம். குரலில் பெரும்பாக்கம் அப்படியே இருக்கிறது. தனி ஆல்பம் போடப் பணம் சேர்ப்பதாக எழுதியிருக்கிறாய். அதற்கு முன் 'தி ஹார்டர் தே கம்' படத்தின் பாட்டுகளை வரிசையாகக் கேட்டுவிடு.

1972-ல் பெர்ரி ஹென்ஸல் எடுத்த ஜமைக்கா படம் அது. நாயகன் ஜிம்மி கிளிஃப். ஆனாலும் இசைத்தட்டில் இருக்கும் 12 பாட்டுகளில் பாதிதான் அவருடையவை. மீதியைப் பாடியவர்கள் மேட்டல்ஸ், டெஸ்மண்ட் டெக்கர், மெலடியன்ஸ், ஸ்லிக்கர்ஸ், ஸ்காட்டி. பெரும்பாலும் கிங்ஸ்டனில் முன்பே வந்து ஓடிய பாட்டுகள். சேர்த்துக் கேட்கும்போது ஓர் ஊரே பாடுகிறது. வெளிநாடுகளில் பலர் ரெக்கேயை முதலில் அறிந்தது அந்தத் தட்டில்தான்.

அந்த ஊரின் கதை உனக்குப் புதிதில்லை. மேற்கு கிங்ஸ்டனின் பேக் ஓ வால் குடிசைகளை 1966-ல் புல்டோசர் விட்டு இடித்தார்கள். அங்கே டிவோலி கார்டன்ஸ் அடுக்குமாடி எழுந்தது. அதுபோலத்தான் சென்னையில் கூவம் கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்து எட்டு மாடி ஹவுசிங் போர்டில் கொண்டுவந்து விட்டார்கள். பேட்டைக்கொரு கானாவும் அவர்களோடு வந்திருக்கிறது. மரண கானா பாடும் பெரியவர்களையும், டோலக் அடிப்பவர்களையும், ராப் எழுதும் பெண்பிள்ளைகளையும் தேடிப் போய்ச் சேர்த்துக்கொள். 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்றன. அந்தக் குழுவை உருவாக்கிய தென்மாவும் பா. இரஞ்சித்தும் காட்டிய வழி அது.

தாளத்தைப் பற்றி ஒன்று. ரெக்கேயின் 'ஒன் டிராப்'பில் முதல் அடி காலி. டிரம் மூன்றாவது அடியில்தான் விழும். உன் பாட்டில் டோலக் அந்தக் காலியை அடைத்துவிடுகிறது. அங்கே கையை எடு. பாஸ் கிடாரும் உன் சொல்லும் கேட்கும்.

கடைசியாக, காசு. படத்தில் ஜிம்மி கிளிஃப் நடித்த ஐவன் தன் பாட்டை 20 டாலருக்குக் கொடுத்துவிடுகிறான். நீ அப்படிக் கொடுத்துவிடாதே. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டது. சினிமாவுக்கு எழுதிக் கொடுத்தாலும், தியேட்டரில் படம் ஓடுவது போக மற்ற பயன்பாடுகளுக்கு வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டி உண்டு. அதனால் வரி யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்பதை ரெக்கார்டிங்குக்கு முன்பே தாளில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கு. பேர் போடும்போது டோலக்காரர் பேரும் உன் பேரும் ஒரே அளவில் இருக்கட்டும்.

பெரும்பாக்கத்தின் ஆல்பத்தை முதலில் போடு. அதில் உனக்கு ரெண்டு பாட்டு போதும்.

அன்புடன்,
உன் அண்ணன்