சூளபந்தகரும் பொதுக் கருவூலமும்

சூளபந்தகர் வரலாறு அன்பர்கள் கேட்டறிந்ததே. நான்கு அடிகொண்ட ஒரு காதையை நான்கு மாதம் முயன்றும் அவரால் மனனம் செய்ய இயலவில்லை. தமையனாராகிய மகாபந்தகரே இவர் சங்கத்துக்கு ஆகார் எனத் துணிந்து வெளியேறச் சொன்னார். அழுதுகொண்டு புறப்பட்டவரைப் பகவன் புத்தர் கண்டு, தூய வெண்துணி ஒன்றைக் கையில் தந்து, கிழக்கு நோக்கி அமர்ந்து அதைத் தேய்த்துக்கொண்டிருக்கப் பணித்தார். துணி அழுக்கேறிற்று, பந்தகர் நிலையாமையை உணர்ந்தார். இக்கதையை ஊக்கத்தின் பெருமைக்கு எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆயினும் இதனுள் வேறொன்றும் உண்டு. மாணவரை மாற்றவில்லை, பாடமுறையை மாற்றினார். செவிவழி ஏறாதது கைவழி ஏறிற்று. இன்று சிறப்புக் கல்வி எனப்படுவது இதுவே அன்றோ?

பந்தகரை ஒத்தோர், அவரினும் மிகுந்த துணை வேண்டுவோர், நம் நாட்டில் சிலர் அல்லர். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர் என 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பதிவானோர் மட்டும் 15 இலட்சத்துக்கு மேல். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் முதலியவற்றையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கிறது. இவர்களுள் 6 முதல் 18 அகவை வரை உள்ளோர், குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருப்பின், கட்டணமின்றிக் கற்கும் உரிமை உடையர்.

"நாம் தானம் செய்கிறோமே, போதாதா?" என்பர் சிலர். தானத்தைக் குறைகூறல் நம் நோக்கமன்று. பிறந்தநாளன்று இல்லக் குழந்தைகளுக்கு விருந்தளித்து ஆடை வழங்குவோர் பலர்; அது நன்றே. ஆனால் மூளை முடக்குவாதக் குழந்தையின் கால் இறுகாமலிருக்க வேண்டுவது ஒருநாள் விருந்தன்று, பல ஆண்டுகள் இடைவிடாத உடற்பயிற்சி. பேச்சுப் பயிற்சியும் அத்தகையதே. பயிற்றுவோர்க்கு மாதந்தோறும் ஊதியம் வேண்டும். திருவிழா வந்தால் பெருகி, மழை பொய்த்தால் வற்றும் நன்கொடையை நம்பி எவர் அப்பணியில் நிலைத்திருப்பார்? சந்திரகிரியை அடுத்த சிற்றூர்த் தாய் ஒருத்தி குழந்தையை இடுப்பில் தூக்கித் திருப்பதிக்குச் செல்வாளாயின், பயிற்சி இலவசமேயாயினும் அன்றைய கூலி போயிற்று. வாரந்தோறும் அவளால் அதை இழக்க இயலுமா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதும் பொய். ஆந்திர அரசு 2024 சூலை முதல் மாற்றுத்திறனாளிகளின் மாத ஓய்வூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ஆக்கிற்று. படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முற்றும் முடங்கினோர்க்கு 15,000. பெரிய உதவிதான். ஆனால் நடமாடக்கூடிய, எனினும் ஒரு நாழிகையும் தனியே விட இயலாத மகனுக்கு எது கணக்கு? அவனைக் காக்கும் தாயும் வேலைக்குச் செல்ல முடியாதே! பணம் கையில் இருந்தும் அருகில் பயிற்றுநர் இல்லையெனில் அப்பணம் எதை வாங்கும்? மண்டல அளவில் பவிதா மையங்கள் உள்ளன. அவை நிறைந்த ஆசிரியரோடு இயங்குவதும் 18 அகவைக்குப் பின் செல்ல ஓரிடம் இருப்பதும் நிதியைப் பொறுத்தவை. சட்டமோ, மறுவாழ்வுப் பணிகளை அரசு தன் 'பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு' செய்க என்கிறது. அச்சொற்றொடரே தப்பும் வாயில். ஆற்றல் எவ்வளவு என்பதை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுவோர் மனிதர். கேட்பார் இல்லாவிடத்து அது சிறுத்துப்போகும்.

மணிமேகலையை நோக்குக. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கையில் இருந்தது. அரசன் உதவி அவளுக்கு எதற்கு? இருந்தும் சோழமன்னன் முன் நின்று, தனக்கெனப் பொன்னோ மணியோ வேண்டாது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருக என்றாள். பாத்திரம் ஒருத்தி கையில் உள்ளது. கட்டடம் நாட்டின் உடைமை.

ஆதலின் நம் சங்கத்தார் இரந்து நிற்பதாக எண்ணி நாணவேண்டா. மனு எழுதத் தெரியாத பெற்றோர்க்கு எழுதிக் கொடுங்கள். சதரம் சான்றிதழ் பெறாதோரை மருத்துவ முகாமுக்கு அழைத்துச் செல்லுங்கள். அச்சான்று இல்லாதவன் ஓய்வூதியக் கணக்கில் இல்லாதவனே. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைக்குத் தமிழறிந்த பயிற்றுநர் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இரண்டாம் மொழி கேட்பது அக்குழந்தையின் பேச்சைக் கெடுக்காது; ஆயினும் வீட்டுமொழியிலும் பயிற்சி வேண்டும். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைகேட்பு நடைபெறுகிறது. சந்திரகிரியார் பழைய நினைவில் சித்தூருக்குப் பேருந்து ஏறவேண்டா. 2022 முதல் நம் மாவட்டத் தலைநகர் திருப்பதியே.